நல்ல யோசனை, மோசமான திரைக்கதை: விஞ்ஞானப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருக்கோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை படம் போடுகிறோம். சுவரில் ஒரு வெள்ளைப் பெட்சீற், இரவல் வாங்கின புரொஜெக்டர், நிலத்தில் பாய். உயர்தரம் படிக்கிற பிள்ளைகள், அவர்களின் அண்ணன்மார், பக்கத்து வீட்டு அம்மா, என் சித்தி என்று பதினைந்து இருபது பேர் வருவார்கள். நான் பௌதிகவியல் படிப்பித்தவள் என்பதால் விஞ்ஞானப் படங்கள்தான் கூடுதலாக ஓடும். படம் முடிந்து தேத்தண்ணி வரும்போது அனேகமாக ஒரே வாக்குவாதம். “இப்பிடி ஒரு யோசனை ஆருக்கு வரும்? அதுக்காகவே பாக்கலாம்” என்று ஒரு பக்கம். “எழுதத் தெரியாதவன் கையில யோசனை இருந்து என்ன பிரயோசனம்?” என்று மறுபக்கம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ரீச்சர், சுருக்கமாச் சொல்லுங்கோ. பெரிய யோசனை மோசமான எழுத்தைக் காப்பாற்றுமா?

யோசனை தனியே நின்று காப்பாற்றாது. அது ஒரேயொரு காட்சிக்குள்ளாவது இறங்கி, அங்கே ஒரு மனிதரிடம் விலை கேட்டிருக்க வேண்டும். அப்படி ஒரு காட்சி இருந்தால் மிச்சப் படத்தின் குறைகளை நான் பொறுத்துக்கொள்வேன், மற்றவர்களையும் பார்க்கச் சொல்வேன். அப்படி ஒன்றும் இல்லாமல் யோசனை முழுக்க வசனத்திலேயே நின்றுவிட்டால், யாரோ ஒருவர் பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்த கதையைக் கேட்டதுபோலத்தான் இருக்கும். கேட்க நன்றாக இருக்கும். இறங்கினதும் மறந்துபோகும்.

மோசமான எழுத்து எண்டு எதைச் சொல்றீங்கள்?

பிள்ளைகள் எல்லாக் குறையையும் ஒரே பைக்குள் போடுகிறார்கள். எனக்கு அவை ஒரே நிறையுள்ளவை அல்ல.

இரண்டு விஞ்ஞானிகள், இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்ததை ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருப்பார்கள். அது எங்களுக்காகச் சொல்லப்படுகிற பாடம். அலுப்புத்தான், ஆனாலும் மன்னிக்கலாம். வகுப்பில் நானும் அதைத்தானே செய்தேன்.

அடுத்தது, கதை நகர வேண்டும் என்பதற்காக ஆட்கள் மொக்குத்தனமாக நடப்பது. ரிட்லி ஸ்கொட்டின் ‘புரொமீதியஸ்’ (2012) படத்தைப் போட்ட இரவு மறக்காது. மனித இனத்தை உண்டாக்கியவர்களைத் தேடி விண்வெளியில் போகிறார்கள். தன்னைப் படைத்தவனைப் பார்த்து ‘ஏன் படைத்தாய்?’ என்று கேட்க ஒரு மனிதன் போகிறான். எவ்வளவு பெரிய கேள்வி! ஆனால் அந்த இடத்தின் வரைபடத்தைத் தயாரித்த ஆளே அங்கே வழி தவறுகிறார். உயிரியல் படித்த ஆள், முன்பின் பார்த்திராத பாம்பு போன்ற ஒன்றைக் கண்டு, செல்லப்பிராணியைத் தடவப் போவதுபோலக் கை நீட்டுகிறார். எங்கள் பிள்ளைகள் கடலில் சொறி முட்டையைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்பார்கள். அந்தக் கை நீண்டவுடன் மேல்மாடியே சிரித்துவிட்டது. அதற்குப் பிறகு படம் கேட்ட பெரிய கேள்வி ஒருவர் காதிலும் ஏறவில்லை. எழுத்து செய்கிற சேதம் இதுதான்: யோசனை அப்படியே இருக்கும், அதைக் கேட்கிற மனம் போய்விடும்.

மூன்றாவது குறையை நான் மன்னிப்பதேயில்லை. ஒரு யோசனையைக் காட்டி, இதைப் பற்றித்தான் படம் என்று எங்களை உட்கார வைத்துவிட்டு, பாதியில் அதைக் கைவிட்டுத் துரத்தலும் வெடியுமாக முடிப்பது. வசனம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது மோசமான எழுத்துத்தான்.

ஒரு உதாரணம் காட்டுங்கோ. யோசனை பெரிசு, எழுத்து மோசம், ஆனா பாக்கலாம் எண்டு சொல்லக்கூடிய படம்.

அன்ட்ரூ நிக்கோல் எழுதி இயக்கிய இரண்டு படங்களை அடுத்தடுத்த மாதங்களில் போட்டோம்: ‘கட்டக்கா’ (1997), ‘இன் டைம்’ (2011). ஒரே கை, இரண்டுமே பெரிய யோசனை. ஒன்றில் எழுத்து கடைசிவரை கூட வருகிறது. மற்றதில் பாதி வழியில் நின்றுவிடுகிறது. இந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல சோடி எனக்குக் கிடைக்கவில்லை.

‘இன் டைம்’ உலகத்தில் காசு கிடையாது, நேரமே காசு. 25 வயதோடு எல்லாருக்கும் முதுமை நின்றுவிடுகிறது. அதன் பிறகு கையில் இருப்பது ஓராண்டு மட்டும். முன்கையில் பச்சையாக எண்கள் ஓடிக்கொண்டேயிருக்கும். கோப்பி குடித்தால் நிமிடங்கள் குறையும், வேலை செய்தால் மணித்தியாலங்கள் ஏறும், பூச்சியத்துக்கு வந்தால் நின்ற இடத்தில் சாவு. பணக்காரரின் கையில் நூற்றாண்டுகள் ஓடும். ஏழைகள் விடிந்தால் அன்றைய நாளைச் சம்பாதிக்க ஓடுவார்கள்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு தாய் மகனைச் சந்திக்கப் புறப்படுகிறாள். கையில் ஒன்றரை மணித்தியாலம் இருக்கிறது. பஸ்ஸுக்கு எப்போதும் ஒரு மணித்தியாலம்தான். அன்று இரண்டாக ஏற்றிவிட்டார்கள். கெஞ்சிப் பார்க்கிறாள், சாரதி இரங்கவில்லை. இருட்டில் ஓடத் தொடங்குகிறாள். விஷயம் விளங்கி மகனும் எதிரே ஓடி வருகிறான். இருவர் கையும் சேர்கிற நேரத்தில் அவள் கையில் எண் பூச்சியமாகிறது.

அந்த இடத்தில் பக்கத்து வீட்டு அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. அவவுக்கு இங்கிலீஷ் ஓடாது. எண்கள் மட்டும் போதுமாக இருந்தன. “2022இல பஸ் காசு ஏறி ஏறிப் போன நேரம் நிலாவெளி றோட்டால நானும் நடந்தனான் பிள்ளை” என்று பிறகு சொன்னா. ஒரு பொருளியல் புத்தகம் முழுக்கச் சொல்ல வேண்டியதை அந்தக் காட்சி இரண்டு நிமிடத்தில், ஒரு தாயின் கால்களை வைத்துச் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு படம் அந்தத் தாயை மறந்துவிடுகிறது. கதாநாயகன் பணக்காரர் வாழும் பகுதிக்குப் போகிறான், சூதாடுகிறான், பணக்காரரின் மகளோடு ஓடுகிறான், நேரம் சேமித்து வைக்கிற வங்கிகளைக் கொள்ளையடிக்கிறான். ஒரு விருந்தில் ஒருவர் தன் மாமி, மனைவி, மகள் மூவரையும் அறிமுகப்படுத்துவார். மூவரும் ஒரே வயதுக்காரர் போலத் தெரிவார்கள். எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு திக்கென்றது. தாயையும் மகளையும் முகத்தால் பிரித்தறிய முடியாத வீட்டில் பாசம் எப்படி இருக்கும், கோபம் எப்படி இருக்கும், ஆர் யாருக்கு அடங்கிப் போவார்? எழுதிய ஆள் கதவைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போகாமல் திரும்பிவிட்டார்.

‘கட்டக்கா’வில் அவர் உள்ளே போனார். பிறந்தவுடன் ஒரு சொட்டு இரத்தத்தை வைத்து, இந்தப் பிள்ளைக்கு இதயம் சரியில்லை, ஆயுள் 30.2 ஆண்டு என்று சொல்லிவிடுகிற உலகம். அந்தப் பிள்ளை வளர்ந்து, இன்னொருவரின் இரத்தத்தையும் சிறுநீரையும் இரவல் வாங்கி, விண்வெளிக்குப் போகிற வேலையில் சேர்கிறான். ஒரு தோல் துகள்கூட வேலைத்தளத்தில் விழுந்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று தினமும் காலையில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறான். யோசனை அங்கே அவனுடைய தோலில் இருக்கிறது. குறையில்லாமல் பிறந்த தம்பியோடு கடலில் நீந்தி வெல்கிறான். எப்படி முடிந்தது என்று தம்பி கேட்கிறான். திரும்பி வருவதற்கென்று பலத்தை மிச்சம் வைக்கவேயில்லை என்கிறான் தமையன். டச்பே கடலில் நீந்திப் பழகின பெடியன் ஒருவன் அந்த இடத்தில் “ஐயோ” என்றான். கரை எவ்வளவு தூரம் என்று பார்த்து நீந்துகிறவனுக்குத்தான் அந்தப் பதிலின் பயங்கரம் விளங்கும்.

‘இன் டைம்’ படத்தை நான் எறியமாட்டேன். அந்தப் பஸ் காட்சி ஒன்றுக்காக அது என்னிடம் இருக்கும். இரண்டாம் பாதி ஓடும்போது எழுந்து போய்த் தேத்தண்ணி போடலாம்.

‘இன்டர்ஸ்டெல்லர்’ கடைசியில அன்பு, பாசம் எண்டு கதைக்குதே. அது எழுத்துப் பிழை இல்லையா?

கிறிஸ்தோபர் நோலனின் அந்தப் படம் (2014) எங்கள் குழுவில் மூன்றுதரம் ஓடியிருக்கிறது. மூன்றுதரமும் சண்டை.

அன்பு என்பது காலத்தையும் வெளியையும் கடக்கிற விசை என்று விண்கலத்துக்குள் ஒரு விஞ்ஞானி நின்று பேசும் இடம் எனக்கும் பிடிக்கவில்லை. அந்த வசனம் தேவையேயில்லை, ஏனென்றால் அதையே படம் ஏற்கெனவே காட்டிவிட்டது. கருந்துளைக்குப் பக்கத்தில் இருக்கிற நீர்க் கிரகத்தில் ஒரு மணித்தியாலம் என்றால் பூமியில் ஏழு ஆண்டுகள். நோலன் அந்தக் கணக்கைக் கேட்டார். கருந்துளை ஏறக்குறைய அதன் உச்ச வேகத்தில் சுழன்றால் அது நடக்கலாம் என்று பௌதிகவியலாளர் கிப் தோர்ன் கணித்துக் கொடுத்தார். (2017இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, ஈர்ப்பு அலைகளைக் கண்டறிந்ததில் அவருக்கிருந்த பங்குக்காக.) கிரகத்தில் கொஞ்ச நேரம்தான் தாமதிக்கிறார்கள். கப்பலுக்குத் திரும்பினால் 23 ஆண்டுகள் போய்விட்டன. தகப்பன் உட்கார்ந்து, பிள்ளைகள் அனுப்பி வைத்த செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். மகன் வளர்கிறான், கலியாணம் முடிக்கிறான், ஒரு குழந்தையை இழக்கிறான், கடைசியில் தகப்பனை விட்டுவிடுவதாகச் சொல்கிறான்.

எங்கள் மாமா 1980களில் சவுதியில் இருந்தார். அம்மம்மா கசற்றில் பேசி அனுப்புவா, அவரும் பேசி அனுப்புவார். ஒரு கசற் போய் மறு கசற் வர இரண்டு மாதம் ஆகும். அந்த இடைவெளியில் எனக்குப் பல்லு விழுந்து முளைத்துவிடும். அவர் பழைய கசற்றைக் கேட்டுவிட்டு, விழுந்த பல்லைப் பற்றி விசாரிப்பார். சார்புக் கொள்கையை நான் பிறகு பல்கலைக்கழகத்தில் படித்தேன். இரண்டு இடத்தில் காலம் இரண்டு விதமாக ஓடும் என்பதை அந்தக் கசற்றுகளில்தான் முதலில் உணர்ந்தேன். திரையில் அந்தத் தகப்பன் அழுதபோது எங்கள் மேல்மாடியில் வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற எல்லாரும் அழுதார்கள். அதைவிட வேறு என்ன விளக்கம் வேண்டும்? பேச்சுக் காட்சியை வெட்டிவிட்டால் படம் இன்னும் உயரும். வெட்டாவிட்டாலும் விழாது.

தமிழில அப்பிடி ஒரு படமும் இல்லையா?

இருக்கிறது. ஷங்கரின் ‘எந்திரன்’ (2010) படத்தில் எல்லாரும் கடைசி அரை மணித்தியாலத்தைத்தான் பேசுவார்கள், ஆயிரம் சிட்டி ரோபோக்கள் சேர்ந்து உருண்டையாகவும் பாம்பாகவும் மாறுவதை. எனக்கு அந்தப் படம் நடுவில் வருகிற தீ விபத்தில்தான் இருக்கிறது. எரிகிற மாடிக் கட்டடத்தில் இருந்து சிட்டி ஆட்களைத் தூக்கி வருகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளையையும் அப்படியே, உடுப்பில்லாமல், கூட்டத்துக்கும் கமராக்களுக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அது உயிரைக் காப்பாற்றியதாக நினைக்கிறது. அவள் வெட்கத்தில் ஓடி வாகனத்தில் அடிபட்டுச் சாகிறாள். உயிருக்கும் மானத்துக்கும் இருக்கிற தொடர்பு இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? தமிழ்ச் சமூகத்தில் மட்டும் அந்த அளவு வலிக்கக்கூடிய காட்சி அது. வசனம் எழுதியவர்களில் 2008இல் காலமான சுஜாதாவும் ஒருவர். அந்தக் கேள்வியை இரண்டாம் பாதி தொடரவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத மனக்குறை. ஆனால் அந்தக் காட்சி இருக்கிறது, அழியாது.

அதன் தொடர்ச்சியான ‘2.0’ (2018) படத்தில், எல்லாருடைய கையிலிருந்தும் தொலைபேசிகள் பறந்து போகிற தோற்றம் அருமை. பறவைகளுக்காக ஒருவர் உயிரை விடுகிற கதையும் மனதைத் தொட்டது. மிச்சம் சத்தம்.

‘இன்று நேற்று நாளை’ (2015) இதற்கு எதிர்ப்பக்கம். காலப் பொறி கையில் கிடைத்த இரண்டு சாதாரணப் பெடியள், தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள். உலகத்தைக் காப்பாற்றுகிற எண்ணமே இல்லை. யோசனை சின்னது, எழுத்து கவனமானது. தாங்கள் அறியாமல் செய்த ஒரு மாற்றம் தங்களையே தேடி வந்து அடிக்கிறது. சின்ன யோசனையை முழுதாகச் செய்த படத்தை யாரும் குறைத்துப் பேசினால் நான் விடமாட்டேன்.

‘தசாவதாரம்’ பற்றிக் கேட்டா ஏன் பேச்சை மாத்துறீங்கள்?

இனி மாற்றவில்லை. எழுதிவிடுகிறேன்.

அந்தப் படத்தின் (2008) யோசனை தமிழில் அதுவரை யாரும் தொடாத அளவு பெரியது. 12ஆம் நூற்றாண்டில் ஒரு சிலையையும் அதோடு ஒரு பக்தனையும் கட்டிக் கடலில் போடுகிறார்கள். 2004இல் ஓர் உயிரியல் ஆயுதம் ஒரு சின்னக் குப்பியில் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்கிறது. எங்கோ ஒரு வண்ணத்துப்பூச்சி சிறகடித்தால் எங்கோ புயல் வரலாம் என்கிற கணக்கு இரண்டையும் இணைக்கிறது. கிருமியை அடக்கக்கூடியது உப்பு. கடைசியில் கிருமி வெளியே வருகிற நேரம் கடல் கரை ஏறுகிறது. உப்புத் தண்ணீர் உலகத்தைக் காப்பாற்றிவிடுகிறது.

தொழில் என்று பார்த்தால், உப்பை முதலிலேயே சொல்லி வைத்துக் கடைசியில் எடுத்தது சரியான எழுத்து. மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் என் சித்தியும் இருந்தா. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், அதாவது பௌர்ணமி விடுமுறை. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. இந்தியத் தட்டு பர்மாத் தட்டின் கீழே நுழைகிற இடம் அது. அங்கிருந்து எங்கள் கரைக்கு அலை வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். நிலாவெளிக் கரையில் சித்தியின் இரண்டு பிள்ளைகள் போனார்கள்.

திரையில் தண்ணீர் வந்தபோது சித்தி எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டா. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் வந்து, “உப்புத் தண்ணி நல்லது செய்ததெண்டு காட்டுறாங்களோ?” என்று கேட்டா. கோபமாகக் கேட்கவில்லை. அறிய வேண்டும் என்று கேட்டா. எனக்குப் பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

யோசனைக்கும் எழுத்துக்கும் அப்பால் மூன்றாவது ஒன்று இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு யோசனை உண்மையான சாவுகளைத் தன் கணக்குக்குள் எடுக்கும்போது, அந்தச் சாவுகளுக்கு முன்னால் அது எவ்வளவு நேரம் நிற்கிறது? அந்தப் படத்தில் பூவராகன் என்ற மனிதர், தன் எதிரி வீட்டுப் பிள்ளைகளைத் தண்ணீரில் இருந்து காப்பாற்றிவிட்டுத் தான் சாகிறார். அந்த இடத்தில் படம் நின்றது. அங்கே நான் அதை மதிக்கிறேன். உலகம் தப்பியது என்று நிம்மதிப்பட்ட இடத்தில் அது போதுமான நேரம் நிற்கவில்லை. இந்தியக் கரையில் வேறு ஒருவர் இதை வேறுவிதமாகப் பார்க்கலாம். நான் எங்கள் அடுப்படியில் இருந்து பார்க்கிறேன்.

விஞ்ஞானம் பிழையா இருந்தா அது எழுத்துப் பிழை இல்லையா? நீங்கள் பௌதிகவியல் ரீச்சர் எல்லோ?

இல்லை. ‘லூசி’ (2014) படம், மனிதர் மூளையின் 10 வீதத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று தொடங்குகிறது. அது உண்மையல்ல, முழு மூளையும் வேலை செய்கிறது. படம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு அதைத் திருத்திச் சொன்னேன், அதோடு அந்த விஷயம் முடிந்தது. அந்தப் படத்தின் எழுத்துக் குறை வேறு இடத்தில். அவளுடைய சக்திக்கு எல்லையே இல்லை என்றான பிறகு எந்தத் துப்பாக்கியும் அவளை ஒன்றும் செய்யாது. பிறகு நாங்கள் எதற்காகப் பயப்படுவது? பொய்யான விதி என்றாலும் பரவாயில்லை, வைத்த விதிக்குப் படம் கட்டுப்பட்டு நடக்க வேண்டும்.

‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ ஒண்டுமே விளங்கேல்ல. அதை மட்டும் ஏன் நல்ல எழுத்து எண்டு சொல்றீங்கள்?

இந்தக் கேள்வியைத் திருமலைக்காரர் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் கூடுதலாக உரிமை எடுத்துப் பேசத் தோன்றும். ஸ்டான்லி குப்ரிக்கோடு சேர்ந்து அந்தத் திரைக்கதையை எழுதிய ஆதர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்தவர். அந்த ஆண்டிலேயே மைக் வில்சனோடு சுவாமி மலைக்குக் கீழே கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய பழைய கோணேசர் கோயிலின் தூண்களைப் பார்த்தவர். தொடர்புக்கான செய்மதிகளைப் பூமியோடு ஒத்துச் சுற்றும் உயரத்தில் நிறுத்தலாம் என்று 1945இலேயே எழுதியவர். கடலுக்கடியில் இருந்த கல்லையும் வானத்தில் நிற்கப்போகிற செய்மதியையும் ஒரே ஆர்வத்தோடு பார்த்த மனிதர்.

படத்துக்கு (1968) வருவோம். முதல் 25 நிமிடமளவில் ஒருவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. விளக்கம் வேண்டியவர்களுக்குக் கிளார்க்கின் நாவல் அதே காலத்தில் வந்தது. அதில் கூடுதலாகவே விளக்கியிருக்கிறார். படத்தில் விளக்கத்தை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். சொல்லத் தெரியாமல் விடுவதும் தெரிந்துகொண்டு விடுவதும் ஒன்றல்ல. எப்படி வேறுபாடு கண்டுபிடிப்பது என்றால், விளங்கின இடங்களைப் பாருங்கள். ஹால் என்ற கணினியின் நினைவை ஒவ்வொன்றாகக் கழற்றுகிற காட்சி விளங்காதவர் எங்கள் மேல்மாடியில் ஒருவரும் இல்லை. கொலை செய்த இயந்திரம் பயமாக இருக்கிறது என்று சொல்கிறது, குரல் தடித்துத் தடித்துப் பாட்டுப் பாடுகிறது, எங்களுக்கு அதன்மேல் இரக்கம் வருகிறது. இதை இவ்வளவு துல்லியமாக எழுதத் தெரிந்தவர்கள், மற்ற இடத்தில் தெரியாமல் விட்டிருப்பார்கள் என்று நான் நம்பமாட்டேன்.

எடுத்து முடிஞ்ச படத்தை வெட்டித் திருத்தினா எழுத்து சரியாகுமா?

சில நேரம். ‘பிளேட் ரன்னர்’ 1982இல் வந்தபோது கதாநாயகனின் குரல் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டேயிருந்தது, முடிவிலும் செயற்கையான ஒரு நிம்மதி. 1992இலும் 2007இலும் வந்த பதிப்புகளில் அந்தக் குரலை எடுத்துவிட்டார்கள். படம் எழுந்து நின்றது. ஏனென்றால் யோசனை ஏற்கெனவே மழையிலும் முகங்களிலும் படமாகியிருந்தது; மேலே பூசியதை உரித்தால் போதும். எடுக்காத காட்சியை எந்த வெட்டும் கொண்டுவராது.

தமிழ் டப்பிங்கில பாத்தா பரவாயில்லையா?

படத்தின் எழுத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப்போகிறீர்கள் என்றால் வேண்டாம். நல்ல வசனம் டப்பிங்கில் நாசமாவதைப் பலதரம் கேட்டிருக்கிறேன். பெரியவர்களுக்காக நாங்கள் சப்டைட்டிலை வாசித்துச் சொல்வோம். அதற்கென்றே ஒரு பிள்ளை முன்வரிசையில் இருக்கிறாள், அருமையாகச் சொல்வாள்.

நாங்களும் ஒரு குறும்படம் எடுக்கப் போறம். காசு இல்லை, யோசனை மட்டும் இருக்கு. என்ன செய்யிறது?

காசைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ‘பிரைமர்’ (2004) என்ற காலப் பயணப் படம் ஏறக்குறைய 7,000 டொலரில் எடுக்கப்பட்டது. 1962இல் பிரான்சில் கிறிஸ் மார்க்கர் கிட்டத்தட்ட முழுக்க அசையாத புகைப்படங்களை வைத்தே 28 நிமிடத்தில் ஒரு காலப் பயணக் கதையைச் சொன்னார். இடத்துக்கும் எங்களிடம் குறைவில்லை. சீனக்குடாவில் வெள்ளைக்காரர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் நிற்கின்றன. வேற்றுக்கிரகம் என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

நீங்கள் கொண்டுவந்த யோசனை எனக்குப் பிடித்தது: பழைய காலத்துக்கு ஒரே ஒருதரம், மூன்று நிமிடம் பேசக்கூடிய தொலைபேசி. 2004 டிசம்பர் 26 காலை ஏழு மணிக்கு எடுக்கிறீர்கள். அப்போது இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை முறை எதுவும் இருக்கவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைய நேரம் இருக்கிறது. இதுவரை நல்லது. ஆனால் உங்கள் எழுத்தில் கதாநாயகன் உடனே உலகத்துக்கே அறிவித்து எல்லாரையும் காப்பாற்றிவிடுகிறான். ஊரே கைதட்டுகிறது. அங்கேதான் யோசனை செத்துப் போகிறது.

விதியை இறுக்குங்கள். அந்த நேரம் கரையோரக் குடிசைகளில் போன் எத்தனை இருந்தது? நீங்கள் எடுக்கிற வீட்டில் போன் இருக்க வேண்டும். ஆனால் போன் இருந்தது றோட்டோரக் கடையில். கரையில் விளையாடுகிற இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட வேண்டுமென்றால், கடைக்காரரைக் கடல் பக்கம் ஓடச் சொல்ல வேண்டும். யார் பேசுகிறது என்று அவர் கேட்பார். போயா நாள், கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது. ஏன் நம்ப வேண்டும்? நம்பி ஓடினால் அவர் திரும்பி வருவாரா? அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அது உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மூன்று நிமிடம். ஒரு அறை, ஒரு போன், ஒரு முகம், மறுமுனையில் ஒரு குரல். ஒரு ரூபாய் செலவில்லை. அந்தக் காட்சியை மட்டும் சரியாக எழுதிக்கொண்டு வாருங்கள். மற்ற இடங்களில் வசனம் தட்டினாலும் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

எழுதினதும் முதலில் சித்தியிடம் வாசித்துக் காட்டுங்கள். நான் கேட்டுவிட்டேன். “வாசிக்கட்டும், இருக்கிறன்” என்று சொன்னா.

அடுத்த மாதம் என்ன படம்?

‘கலை அரசி’. 1963, எம்.ஜி.ஆரும் பானுமதியும். விஞ்ஞானத்தில் எங்களைவிட முன்னேறிய, ஆனால் கலையே இல்லாத ஒரு கிரகத்தில் இருந்து வந்து, பாடத் தெரிந்த ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், தங்கள் ஆட்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதற்காக. பாட்டில்லாத ஒரு கிரகம் என்று தமிழில் அறுபது வருடத்துக்கு முன்னம் ஒருவர் யோசித்திருக்கிறார்! அந்தக் கிரகத்துப் பிள்ளைகள் எப்படி நித்திரை கொண்டிருப்பார்கள் என்று நான் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். படத்தின் எழுத்து அந்த அளவுக்குப் போகிறதா, போகும் ஒரு காட்சியாவது இருக்கிறதா என்பதை நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா சின்னப் பிள்ளையாகத் தியேட்டரில் பார்த்தவவாம், பாட்டெல்லாம் இன்னும் பாடம்.

இரவு ஏழு மணிக்கு. பாய் கொண்டு வாருங்கள். மழை பெய்தால் கீழே முன் அறையில்.